பதிமூன்று கிலோபைட்டில் ஓர் ஆட்டுக்கிடை

13,312 பைட். ஜேஎஸ்13கே கேம்ஸ் போட்டிக்கு அனுப்புகிற விளையாட்டு இதற்கு மேல் ஒரு பைட்கூடப் போகக் கூடாது. பதின்மூன்றை 1,024-ஆல் பெருக்கி வந்த கணக்கு இது. கைப்பேசியில் எடுக்கிற ஒரு சாதாரணப் புகைப்படம் பிடிக்கும் இடத்தில் இப்படிப்பட்ட விளையாட்டுகள் நூற்றுக்கு மேல் அடங்கும். போலந்து நிரலாளர் ஆன்ட்ஷே மசூர் 2012-இல் தொடங்கிய போட்டி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 13 அன்று ஆரம்பித்துச் செப்டம்பர் 13 அன்று முடியும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும், பிரவுசரில் ஓட வேண்டும், கையில் ஒரு மாதம் இருக்கும்.

மற்ற விதிகளும் நீளமானவை அல்ல. கோட், படம், ஒலி எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பில் அடைக்க வேண்டும். பிரித்தால் உடனே ஓட வேண்டும். வெளி சர்வரிலிருந்து எதையும் இழுக்கக் கூடாது. லைப்ரரி, படம், கூகுள் எழுத்துரு எதுவானாலும் சரி. அடுத்தவர் எழுதிய லைப்ரரி வேண்டுமென்றால் அதையும் அந்தப் பதிமூன்று கிலோபைட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று: சுருக்கி அடைத்த ஜிப்போடு, மனிதர் படிக்கிற வடிவில் மூல நிரலையும் கிட்ஹப்பில் திறந்து வைக்க வேண்டும். அந்த மூல நிரலுக்கு அளவு கிடையாது.

இந்தப் போட்டியைப் பற்றித் தெரியவந்தபோது நான் மதுரையில் வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தேதியைத் திரையில் காட்டுவதற்கே வெளியிலிருந்து ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரிக்கு இன்னும் நாலு லைப்ரரி என்று வந்து இறங்கும். அவற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இல்லை. அதே கையோடு இந்த விதித்தாளைப் படித்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இங்கே உள்ளே வருகிற ஒவ்வொரு வரிக்கும் இடம் கொடுப்பது நான்தான். வேண்டாததை வெளியே நிறுத்துவதும் நான்தான். தொழிலில் பல வருடங்கள் ஓட்டியபிறகு அந்தப் பொறுப்பு ஒரு பரிசுபோல இருந்தது.

நான் கலந்துகொண்ட 2020-ஆம் ஆண்டின் கருப்பொருள் ‘404’. போட்டி தொடங்கும் நாளில் மத்திய ஐரோப்பாவில் மதியம் ஒரு மணிக்குக் கருப்பொருளை அறிவிப்பார்கள். நமக்கு மாலை நாலரை. தேடிய பக்கம் இல்லை என்று பிரவுசர் கைவிரிக்கும்போது காட்டுகிற எண்தான் 404. எனக்கு உடனே ஞாபகம் வந்தது சிவகங்கைப் பக்கத்து அப்பத்தா ஊர். அறுப்பு முடிந்த வயல்களில் கீதாரிகள் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கே அடைந்து கிடந்தால் வயலுக்கு எரு. விடிந்ததும் தலை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் அந்த முகங்கள் மாறுகிற விதத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆடு காணவில்லை. அதைவிடப் பொருத்தமான 404 எனக்குத் தெரியவில்லை.

ஆடு என்றதும் ஆடுபுலி ஆட்டமும் கூடவே வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத் தரைக்கல்லில் அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி. நான் செய்ய நினைத்தது இதுதான்: பதினான்கு ஆடு கிடையில் பத்திரமாக இருக்கிறது, பதினைந்தாவது குட்டியைக் காணோம். ஆடுகிறவர்தான் கீதாரி. கையில் ஓர் அரிக்கேன் விளக்கு. கட்டம் முழுக்க இருட்டு. நின்ற புள்ளியும் அதை ஒட்டிய புள்ளிகளும் மட்டும் வெளிச்சம். அந்த இருட்டில் மூன்று புலிகளும் அலைகின்றன. அவற்றுக்கு முன்னால் குட்டியைக் கண்டுபிடித்து எடுத்து வர வேண்டும்.

முதலில் கட்டத்தை வழக்கம்போலத்தான் எழுதினேன். 23 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடம், ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் புள்ளியோடு தொடர்பு என்ற பட்டியல். அலுவலகத்தில் இப்படி எழுதினால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இங்கே அந்தப் பட்டியல் உறுத்தியது. அதைச் சுருக்க முடியுமா என்று காகிதத்தில் கட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தேன். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்குகின்றன. குறுக்கே மூன்று கோடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி: நடுவில் நான்கு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. அடிக்கோட்டில் நான்கு. 1, 6, 6, 6, 4. கூட்டினால் 23.

சின்ன வயதிலிருந்து ஆடிய ஆட்டம். அதற்கு இப்படி ஒரு எலும்புக்கூடு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புள்ளிகளை வரிசை, நிரல் என்று எண்ணிவிட்டால் தொடர்புப் பட்டியலே தேவையில்லை. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தொடர்பு உண்டு. ஒரே நிரலில் மேலும் கீழுமாக இருந்தாலும் உண்டு. உச்சிப் புள்ளி ஒன்றுக்கு மட்டும் தனிச் சலுகை: அடுத்த வரிசையின் நடு நான்கோடும் அதற்குத் தொடர்பு. நீண்ட பட்டியல் போய் மூன்று வரி மிஞ்சியது. இடம் மிச்சமானது ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லில் அதை முதலில் செதுக்கியவர் என்ன நினைத்திருப்பார் என்பது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. ஓரத்துப் புள்ளிகள் சாய்கோட்டில் சேராததால்தான் ஆடுகள் அங்கே ஒதுங்கித் தப்பிக்கின்றன. விதி நெருக்கியிராவிட்டால் இதை நான் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

ஆட்டை எப்படிக் காட்டுவது என்பதில் நிறைய யோசித்தேன். எமோஜியில் ஆடும் உண்டு, புலியும் உண்டு. நான்கு பைட்டில் ஒரு படம் கிடைத்துவிடும். அது ஆடுகிறவரின் கருவியிலேயே இருக்கிற எழுத்துரு என்பதால் விதிப்படியும் தவறில்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கருவியிலும் அந்த ஆடு ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றிலும் அது எங்கள் ஊர்க் குட்டியாக இல்லை. அதனால் கான்வாஸில் கோடு கோடாக நானே வரைந்தேன். தொங்குகிற காது, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. அந்தச் சுட்டிக்கு ஆன பைட்டுகளை வேறோர் இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. புலி உறுமும் ஒலியில் ஒரு அடுக்கைக் குறைத்தேன். எல்லா ஒலிகளுக்கும் ஃபிராங்க் ஃபோர்ஸ் எழுதிய ஸீஸீஎஃப்எக்ஸ் என்ற சின்ன நிரலைச் சேர்த்துக்கொண்டேன். ஒலிக்கோப்பு எதுவும் இல்லாமல் சில எண்களைக் கொடுத்தாலே ஒலியை உண்டாக்கித் தருகிற நிரல். ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். குட்டி ‘மே’ என்று கத்துவதற்கான எண்களைத் தேடி மாற்றி மாற்றிப் பார்த்த ராத்திரியில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

போட்டி முடிந்தபிறகு நடந்ததுதான் என்னை அந்தச் சமூகத்தோடு கட்டிப்போட்டது. அந்த ஆண்டு இருநூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் வந்திருந்தன. அனுப்பியவர்களே ஒருவர் விளையாட்டை இன்னொருவர் ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டும். ஆடியபிறகு ‘இதை எப்படி இந்த அளவுக்குள் அடைத்தார்’ என்று வியப்பு வந்தால், பக்கத்திலேயே மூல நிரல் திறந்து கிடக்கிறது. படிக்கலாம். நான் மணிக்கணக்கில் படித்தேன். கிரேக்கத்திலோ பிரேசிலிலோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர், ஓர் எதிரியின் நடையை எப்படி ஒரே வரியில் எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். அவர் எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவருக்கு இருந்த அதே 13,312 பைட்தான் எனக்கும். கருத்துப் பகுதியில் ஒருவர், உன் கட்டத்தின் தொடர்பு விதி அழகாக இருக்கிறது, ஆனால் உச்சிப் புள்ளிக்கான விலக்கை இன்னும் சுருக்கலாமே என்று எழுதிக் காட்டியிருந்தார். ஆடுபுலி ஆட்டத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. என் அப்பத்தா ஊர்க் கட்டத்தை அவர் என்னைவிடச் சுருக்கமாக எழுதியிருந்தார். இவ்வளவு நெருக்கமாக என் வேலையை யாரும் படித்ததில்லை.

மூல நிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் விதி இல்லாமல் அளவு விதி மட்டும் இருந்திருந்தால், இது வெறும் சாகசப் போட்டியாக நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் பள்ளிக்கூடமாகவும் இருக்கிறது. அதன்பிறகு போட்டி விதிகள் என்றாலே ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்தேன். எதை அளக்கிறார்கள், எதைத் தடுக்கிறார்கள், அதன் விளைவாக மனிதர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன்.

2002-இல் ஜெஃப் ஹவ்லண்ட் தொடங்கிய லூடம் டேர் போட்டி அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, நேரத்தை அளக்கிறது. அதன் ‘காம்போ’ பிரிவில் 48 மணி நேரம், தனி ஆள், படமும் இசையும் அந்த நேரத்துக்குள் தானே செய்தவையாக இருக்க வேண்டும், மூல நிரலும் தர வேண்டும். எந்த எஞ்சினை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பழைய அடிப்படை நிரல் இருந்தால் அதையும் கொண்டு வரலாம். இதெல்லாம் கடினமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு ‘ஜாம்’ பிரிவு: 72 மணி நேரம், குழுவாகவும் வரலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு வாசல் வைத்தது நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

ஜோசப் வைட் உருவாக்கிய பைக்கோ-8 போட்டியல்ல, ஒரு கற்பனைக் கருவி. திரை 128-க்கு 128 புள்ளி, நிறம் 16, நிரலுக்கு உச்சவரம்பு 8,192 டோக்கன். இங்கே எழுத்துகளைவிட டோக்கனை எண்ணுவதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒரு மாறிக்கு ‘ஆ’ என்று பெயர் வைத்தாலும் ‘காணாமல்_போன_ஆடு’ என்ற அளவுக்கு நீளமாக வைத்தாலும் கணக்கில் ஒன்றுதான். விளக்கக் குறிப்புகளுக்கு டோக்கன் செலவே இல்லை. அதனால் டோக்கனைச் சேமிப்பதற்காக யாரும் நிரலைப் புரியாத மொழியாக்க வேண்டியதில்லை. படிக்கும்படி எழுதுகிறவரைத் தண்டிக்காத அளவுகோல். அதை வகுத்தவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எழுத்தால் ஆன விளையாட்டுகளுக்கு 1995-இல் கெவின் வில்சன் ஒரு போட்டி தொடங்கினார். முதல் ஆண்டு கருவி வாரியாகப் பிரித்திருந்தார்கள்: இன்ஃபார்மில் எழுதியவை தனி, டாட்ஸில் எழுதியவை தனி. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவினை போய்விட்டது. முதல் இரண்டு மணி நேரம் ஆடியதை வைத்துத்தான் நடுவர் மதிப்பெண் போட வேண்டும் என்ற விதியோ நிலைத்துவிட்டது. எந்தக் கருவி என்று கேட்ட விதி ஓராண்டில் தேய்ந்தது, ஆடுகிறவரின் நேரத்தை மதித்த விதி நின்றது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2021-இல் கருவியைப் பற்றிய இதே கேள்வி ஜேஎஸ்13கே-விலும் என் முன்னால் வந்தது. கொரிய நிரலாளர் காங் சியோங்ஹூன் இந்தப் போட்டிக்காகவே ரோட்ரோலர் என்ற கருவியை எழுதினார். ஜிப் சுருக்குவதைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாக அது சுருக்கும். பதிமூன்று கிலோபைட்டில் இது சின்ன விஷயமில்லை. இன்னொரு புலிக்கு இடம் கிடைக்கும். கையால் ஒவ்வொரு பைட்டாகச் சேமித்தவனுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் பிரித்து எடுக்கிற நிரலும் அந்த அளவுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும், அதுதான் கணக்கு. திறக்கும்போது கொஞ்சம் நேரமும் நினைவகமும் பிடிக்கும் என்ற விலையும் உண்டு. கருவி இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. போட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்குமாக ஒரு தளவாடம் செய்து நடுவில் வைத்துவிட்டுப் போகிறார். யோசிக்க யோசிக்க, அது போட்டியின் குணத்துக்கு ஒத்துப்போவதாகவே பட்டது. வீட்டில் என்ன வைத்துச் சமைத்தாய் என்று விதி கேட்பதில்லை. தூக்குச்சட்டியில் எவ்வளவு கொண்டு வந்தாய் என்பதுதான் கேள்வி.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். ஒரு கல்லூரியில் விளையாட்டு உருவாக்கும் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். விதித்தாளில் முதல் வரியே, இன்ன எஞ்சினில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றிருந்தது. ஏன் என்று கேட்டேன். பயிற்சி கொடுத்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள் என்றார்கள். அந்த எஞ்சினை நிறுவப் பல ஜிகாபைட் இறக்க வேண்டும், ஓட்ட நல்ல கிராபிக்ஸ் வேண்டும். அரசு கொடுத்த பழைய லேப்டாப்போடு வந்திருந்த பிள்ளைகள் மதியம்வரை நிறுவிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் அருமையான யோசனை வைத்திருந்தான். தெருக்குழாயில் குடங்களை வரிசைப்படுத்துகிற விளையாட்டு. காகிதத்தில் முழுவதும் வரைந்து வைத்திருந்தான். அவன் திரையில் கடைசிவரை அந்த எஞ்சின் திறக்கவில்லை. “வேற எதுலயாவது பண்ணலாமா சார்?” என்று கேட்டபோது, விதி அப்படி, தகுதி நீக்கம் ஆகிவிடும் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லிவிட்டார். அந்தக் காகிதத்துக்கு மதிப்பெண் போட என்னிடம் கட்டம் இல்லை. கோபம் வீட்டுக்கு வந்தும் தணியவில்லை. ஒரு கட்டுப்பாட்டை வைக்கிறவருக்கு அது எதற்காக என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அது யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கோபத்தில்தான் நண்பர்கள் சிலர் சேர்ந்து மதுரையில் சிறிய அளவில் ஒன்றை நடத்த முடிவு செய்தோம். ஒரு நூலகத்தின் மாடியறை, மாணவர்கள், சனி ஞாயிறு. பதிமூன்று கிலோபைட்டை அப்படியே எடுத்துக்கொண்டோம். எழுத ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும் ஓட்ட ஒரு பிரவுசரும் போதும் என்பதால் எந்தப் பழைய கணினியும் செல்லும்.

விதிகளை மாணவர்கள் முன்னால் படித்தபோது ஒரு பையன் எழுந்தான். “எங்க கேம் முழுக்கத் தமிழ்ல சார். இங்கிலீஷ்னா ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்னா மூணு. ‘அம்மா’ன்னு எழுதுனாலே பதினஞ்சு போயிருது. இது எப்டி சார் நியாயம்?” கேள்வி சரியானது. அ, ம, அதன் மேல் புள்ளி, மறுபடி ம, அதன் துணைக்கால் எல்லாமே கணினிக்குத் தனித்தனி. ‘அம்மா’ ஐந்து குறிகள், பதினைந்து பைட். அங்கேயே சோதித்துப் பார்த்தோம். அவன் கதைப்பகுதியைச் சுருக்காமல் ஒருமுறை, ஜிப்பில் அடைத்து ஒருமுறை. ஜிப்பில் அடைத்ததும் அது வெகுவாக இளைத்துவிட்டது. காரணத்தைப் பலகையில் எழுதிக் காட்டினேன். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டே மதிப்புகளில் ஒன்று. மூன்றாவதுதான் உண்மையில் எழுத்தைச் சொல்கிறது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிப்பின் வேலை. முழுக்கச் சமமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மடங்கு என்ற பயம் போனது. அளவை ஜிப்புக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்ற விதியின் அருமை அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. தமிழ் எழுத்துருவைத்தான் உள்ளே வைக்க முடியாது. அதற்குக் கருவியில் இருப்பதை நம்ப வேண்டியதுதான்.

அப்புறம் ஏஐ. பிள்ளைகள் கேட்பதற்கு முன்னாலேயே எங்களுக்குள் இரண்டு மாலை வாக்குவாதம் நடந்திருந்தது. தடை செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? விட்டுவிட்டால் யாருடைய வேலையைப் பார்க்கிறோம்? கடைசியில் ஒரு விதி எழுதினோம்: எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தினோம் என்று எழுதித் தர வேண்டும், முடிவில் நடுவர் கேட்கிற ஒரு சிறு மாற்றத்தை அவர் முன்னாலேயே செய்துகாட்ட வேண்டும். செய்த பொருள் கைக்குள் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கணினி இல்லை. “சார், போன்லயே எழுதிக்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். விதியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. “தாராளமா எழுதும்மா” என்றேன். பஸ் கண்டக்டர் சில்லறை கொடுக்கிற விளையாட்டு. நெரிசலில் ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். இறங்குவதற்குள் மீதிச் சில்லறையைச் சரியாகத் தட்டிவிட வேண்டும். சின்னத் திரையில் கட்டைவிரலால் அத்தனை அடைப்புக்குறியையும் தட்டி எழுதியிருந்தாள். என் முறை வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் வை என்று கேட்டேன். நிரலில் நேராக அந்த வரிக்குப் போனாள். கை நின்றது. “அஞ்சு ரூவா டிக்கெட்டுக்குப் பாதின்னா ரெண்டரை சார். அம்பது காசை எவன் சார் வாங்குவான்? மூணுன்னு வச்சுக்கிறேன்.” அப்படியே வைத்தாள். ஓட்டிக் காட்டினாள். பயணி ஒருவர் மூன்று ரூபாய் போக மீதியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

மறு வருடம் விதித்தாளைத் திருத்த உட்கார்ந்தோம். கைப்பேசியில் எழுதலாம் என்பதை இரண்டாவது வரியாகச் சேர்த்தோம். அளவை 16 கிலோபைட்டாக ஆக்கலாமா, தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முந்தைய ஆண்டு தமிழ் பைட்டுக் கணக்கைக் கேட்ட பையனும் இந்த முறை எங்களோடு வேலை செய்துகொண்டிருந்தான். அவன்தான் முதலில் மறுத்தான். போன தடவை எழுதியவர்கள் எல்லோரும் பதிமூன்றுக்குள் எழுதியிருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் அவர்களுடைய நிரலைத் திறந்து படிக்கும்போது இருவருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றான். பதிமூன்றாகவே விட்டோம்.